பனிமலையில் ஒரு கரடி வேட்டை

கரடி என்றதும் நம்மிற் பலருக்கு முதலிலே சிரிப்புத்தான் வருகிறது. குழந்தைகளின் படப்புத்தகத்திலே தேன்குடத்துக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்கும் வேடிக்கைப் பிராணி அது. வேண்டாத வேளையில் வந்து நுழைகின்ற விருந்தாளியைச் "சிவபூசையிற் கரடி" என்று சொல்லி நகைக்கிறோம். ஆனால், வன்னிக் காட்டிலே தேன் எடுக்கச் செல்வோரையும், பாலைப்பழம் பழுக்கும் காலத்திற் காட்டுவழியே நடப்போரையும் கேட்டுப் பாருங்கள், அவர்கள் சிரிக்கமாட்டார்கள். யானையைத் தூரத்திற் கண்டு விலகிக்கொள்ளலாம்; சிறுத்தை பெரும்பாலும் தானே விலகிப் போய்விடும்; கரடியோ, கறையான் புற்றுக்குள் முகத்தைப் புதைத்தபடி நமது காலடியோசை கேளாமல் நின்று, திடீரெனத் திரும்பினால் மனிதரின் முகத்தையே நாடிப் பாயும் என்பார்கள்.

நம் நாட்டுக் கரடி உருவத்திற் சிறியது. அதன் நிறை பெரும்பாலும் 150 கிலோவைத் தாண்டாது. கறையானும் தேனும் பழமுமே அதற்கு முக்கிய உணவு. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட கரடியோ அதனைப்போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட நிறையுடையது. யப்பான் தேசத்தின் வட எல்லையிலே, பனி மூடிய மலையொன்றில், 1915ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 14ஆந் திகதி காலை அது சுட்டு வீழ்த்தப்பட்டது. அதனைத் தேடி அறுபது துவக்குகள் புறப்பட்டன. வீழ்த்தியது ஒரு துவக்கு. அந்தத் துவக்கிலிருந்து புறப்பட்ட தோட்டாக்கள் இரண்டே இரண்டு.

வேட்டையின் புகழைப் பாடுவது எனது நோக்கமன்று. அறுபது துவக்குகளால் ஆகாத காரியம் ஒரு துவக்கினால் ஆனது எவ்வாறு? இந்த ஒரு கேள்விக்கு விடை தேடுவதே இன்றைய பேச்சின் பொருள்.

யப்பான் நாட்டுப் பெருந்தீவுகள் நான்கினுள்ளும் வடக்கே கிடப்பது ஹொக்கைடோ. பண்டைக் காலந்தொட்டு அங்கே வாழ்ந்தவர்கள் அயினு என்னும் ஆதிக்குடியினர். 1869ஆம் ஆண்டிலே யப்பானிய அரசு அத்தீவுக்கு ஹொக்கைடோ என்று பெயர் சூட்டி, அதனைத் தன் நிருவாகத்தின்கீழ்க் கொண்டுவந்து, தெற்கேயுள்ள மாகாணங்களிலிருந்து மக்களைக் கொண்டுசென்று குடியேற்றத் தொடங்கியது. காட்டை வெட்டு, நிலத்தைத் திருத்து, பயிரிடு என்பதே குடியேறியோருக்கு இடப்பட்ட பணி. நமது நாட்டிலும் காடு வெட்டிக் குடியேற்றத் திட்டங்கள் அமைந்த வரலாற்றை அறிந்தவர்கள், அம்மக்களின் வாழ்க்கையை ஓரளவு ஊகித்துக்கொள்ளலாம். வேறுபாடு என்னவென்றால், இங்கே வெயிலோடு போராட வேண்டியிருந்தது. அங்கே ஆண்டிற் பல மாதங்கள் பனியோடு போராட வேண்டியிருந்தது.

அத்தீவின் வடமேற்குக் கரையிலே தொமமாயெ என்னும் ஊர் இருக்கிறது. அதற்கு உட்புறமாக, சங்கெபெட்சு ஆற்றின் கிளையோடை ஒன்றின் ஓரத்திலே, ஏறத்தாழப் பதினைந்து குடும்பங்கள் வாழ்ந்து வந்தன. அவர்களுடைய வீடுகள் வீடுகள் என்று சொல்லத் தக்கவையல்ல. மரச் சட்டங்களை நாட்டி, புல்லையும் வைக்கோலையும் கட்டி அடைத்த சுவர்கள், நடுவிலே அடுப்பு, அடுப்பைச் சுற்றி உறக்கம். காற்றையே முழுதாகத் தடுக்கமாட்டாத அச்சுவர்கள் கரடியைத் தடுப்பது எங்ஙனம்? இதனை நாம் மனத்திற் கொள்ளவேண்டும்.

இனி, அக்கரடியின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்வோம். ஹொக்கைடோவில் வாழ்வது பழுப்புக் கரடி. கோடையிலே புல்லும் பூண்டும், இலையுதிர் காலத்திலே காட்டுத் திராட்சையும் கருவாலி மரத்தின் கொட்டைகளும், ஆற்றிலே ஏறிவரும் சமன் மீனும் அதன் உணவு. குளிர்காலம் வருமுன் வயிறு புடைக்கத் தின்று கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, நிலத்திலே குடைந்த வளைக்குட் புகுந்து இளவேனில் வரும்வரை உறங்கிக் கிடக்கும். ஆதலால், பனி பெய்யத் தொடங்கிய பின்பும் ஒரு கரடி வெளியிலே திரிகிறதென்றால் அதற்கு ஏதோ குறை இருக்கிறதென்பது பொருள். வயிறு நிறையாதிருக்கலாம், காயம் பட்டிருக்கலாம். யப்பானிய வேடர்கள் இத்தகைய கரடியை "வளையில்லாதது" என்ற பொருள்படும் சொல்லாற் குறித்து, மற்றெல்லாக் கரடிகளிலும் அதிகமாக அதற்கு அஞ்சினர்.

இன்னும் இரண்டு இயல்புகள் உண்டு. முதலாவது, அதன் மோப்ப சக்தி. காற்று அதன் பக்கமாக வீசுமாயின், நாம் அதனைக் காண்பதற்கு மிக முன்னரே அது நம்மை அறிந்துவிடும். இரண்டாவது, உடைமை உணர்வு. ஒருமுறை தனக்குக் கிடைத்த இரையை அது தன் சொத்தாகக் கருதும். தின்று முடியாத மிச்சத்தை மண்ணினாலோ பனியினாலோ மூடி மறைத்துவைத்துவிட்டு மீண்டும் வரும். அதனை எவரேனும் எடுத்துச் சென்றால் தேடிக்கொண்டு வரும். பின்வரும் துயரக் கதையின் திறவுகோல் இந்த இரண்டாவது இயல்பிலேதான் இருக்கிறது.

1915ஆம் ஆண்டு நவம்பர் மாத நடுப்பகுதியிலே ஒரு நாள், விடியற்காலையில், அக்குடியேற்றத்திலுள்ள ஒரு வீட்டின் குதிரை மிரண்டு கனைத்தது. பெருங் கரடியொன்று வந்து, வீட்டு முகப்பிலே தொங்கவிட்டிருந்த சோளக் கதிர்களைத் தின்றுவிட்டுப் போயிற்று. சில நாட்களில் மீண்டும் வந்தது. வீட்டுக்காரர் வேடர்களை அழைத்துக் காவல் வைத்தார். அந்த மாதம் 30ஆந் திகதி கரடி மூன்றாம் முறை வந்தபோது அவர்கள் சுட்டனர். குண்டு பட்டது, கரடி விழவில்லை. மறுநாள் பனிமேற் கிடந்த இரத்தத் துளிகளைத் தொடர்ந்து மலைவரை சென்றனர். பனிப்புயல் எழுந்து தடத்தை மூடியது. அவர்கள் திரும்பி வந்துவிட்டனர்.

நேயர்களே, வேட்டைக் கலை அறிந்தோர் எந்த நாட்டவராயினும் ஒரு விதியைச் சொல்வார்கள்: காயப்படுத்திய விலங்கைக் காட்டிலே விட்டு வராதே. கருணையினாற் சொல்லும் விதி அது. பாதுகாப்பினாற் சொல்லும் விதியும் அதுவே. காயம்பட்ட விலங்கு ஓடித் திரிந்து இரை தேட மாட்டாது. எளிதிற் கிடைப்பதை நாடும். மனிதருக்கு அஞ்சி விலகும் பழக்கத்தையும் இழந்துவிடக்கூடும். அந்த வேடர்கள் வேண்டுமென்றே விதியை மீறவில்லை. புயல் அவர்களைத் திருப்பியது. ஆனால், அதன் விலையைக் கொடுத்தவர்கள் வேறு மனிதர்கள்.

டிசெம்பர் 9ஆந் திகதி முற்பகல். ஆடவர்கள் வேலைக்குப் போயிருந்தனர். ஒரு வீட்டிலே ஒரு பெண்ணும், அவளது பராமரிப்பில் வளர்ந்த ஆறு வயதுச் சிறுவனும் இருந்தனர். மதிய உணவுக்கு வீடு திரும்பிய ஒருவர், சிறுவன் அடுப்பங்கரையிலே குந்தியபடி உறங்குவதாக எண்ணித் தோளிலே கைவைத்தார். அவன் உறங்கவில்லை; உயிர் நீங்கியிருந்தது. பெண்ணைக் காணவில்லை. சாளரத்திலிருந்து காட்டை நோக்கி இரத்தத் தடம் சென்றது.

மறுநாள் முப்பது பேரளவில் திரண்டு காட்டுக்குட் புகுந்தனர். ஏறத்தாழ 150 மீற்றர் செல்லுமுன்னரே கரடி எதிர்ப்பட்டது. அவர்களிடம் ஐந்து துவக்குகள் இருந்தன. ஐந்தையும் நீட்டினர், வெடித்தது ஒன்று மட்டுமே. மற்றவை பேணப்படாமற் கிடந்து பழுதடைந்தவை. கரடி மறைந்தது. அங்கே ஒரு மரத்தடியில், பனிக்குட் பாதி புதைக்கப்பட்டிருந்த பெண்ணின் உடலைக் கண்டெடுத்து, இறுதிக் கடன் செய்வதற்காக வீட்டுக்குக் கொண்டுவந்தனர்.

மனித நெறிப்படி அவர்கள் செய்தது சரியே. இறந்தவரைக் காட்டிலே விட்டுவிட யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால், கரடியின் நெறி வேறு. தான் மறைத்துவைத்த பொருளை எவரோ களவெடுத்துச் சென்றதாகவே அது கொண்டிருக்கும். அன்றிரவு ஒன்பது பேர் பிரேதத்தருகே விழித்திருந்த வேளையிலே, வீட்டுச் சுவரைப் பிளந்துகொண்டு கரடி உள்ளே புகுந்தது. விளக்கு அணைந்தது, பெட்டி கவிழ்ந்தது. இருந்தவர்கள் வளைகளிலே தாவி ஏறியும் வெளியே ஓடியும் தப்பினர். எவரோ தகரத்தைத் தட்டிப் பேரொலி எழுப்பினர், ஒருவர் வெடி தீர்த்தார், கரடி வெளியேறியது.

ஆயுதந் தாங்கியவர்களின் கவனமெல்லாம் அந்த வீட்டின் மேலேயே குவிந்தது. கரடியோ ஓடையோரமாகக் கீழிறங்கி, ஏறத்தாழ 500 மீற்றர் தூரத்திலிருந்த இன்னொரு வீட்டை அடைந்தது. பாதுகாப்புக்கென்று பெண்களையும் பிள்ளைகளையும் ஒன்றுசேர்த்து வைத்திருந்த வீடு அதுவே. நெருப்புக்குக் கரடி அஞ்சும் என்று நம்பி அங்கே அடுப்பிலே தீ மூட்டியிருந்தனர். கரடி நெருப்புக்கு அஞ்சவில்லை. அங்கே நிகழ்ந்தவற்றை விரிவாகச் சொல்வது அவசியமன்று. ஒரு கர்ப்பிணித் தாயும் மூன்று பிள்ளைகளும் மாண்டனர் என்றும், மூவர் காயமுற்றனர் என்றும் சொல்வது போதும். தாயின் வயிற்றிலிருந்த சிசுவையும் சேர்த்து, இரு நாட்களிலே இறந்தோர் தொகை ஏழு.

ஓசை கேட்டு ஓடிவந்தோர் அவ்வீட்டைச் சூழ்ந்தபோது கரடி இன்னும் உள்ளேயே இருந்தது. வீட்டைக் கொளுத்திவிடலாம் என்றனர் சிலர். கண்மூடிச் சுடலாம் என்றனர் சிலர். காயங்களோடு தப்பி வெளியே வந்திருந்த ஒரு தாய், உள்ளே பிள்ளைகள் உயிரோடிருக்கக்கூடும் என்று சொல்லி அதனைத் தடுத்தாள். கரடி வாயில் வழியாக வெளியே வந்தது. முன்னணியில் நின்றவர் துவக்கின் விசையை இழுத்தார். அது வெடிக்கவில்லை. கரடி இருளில் மறைந்தது.

இதன் பின்னரே அரசாங்கம் அசைந்தது. பொலிஸ் அதிகாரி ஒருவரின் தலைமையில் வேட்டைப் படை அமைந்தது. சுற்று வட்டாரத்துத் துவக்குக்காரர்கள் அழைக்கப்பட்டனர், இராணுவத்தினரும் வரவழைக்கப்பட்டனர். மூன்று நாட் கணக்கிலே ஏறத்தாழ 600 ஆட்கள், 60 துவக்குகள், பத்துக்கு மேற்பட்ட நாய்கள். அவ்வளவு பெரும் படை கரடியை நெருங்க முடியவில்லை. 12ஆந் திகதி இரவு, இறந்தோரின் உடல்களை இருந்த இடத்திலேயே விட்டு, வேடர்கள் வீட்டு வளைகளின் மீது பதுங்கியிருந்தனர். கரடி தன் இரையைத் தேடி மீண்டும் வரும் என்ற கணிப்புச் சரியாகவே இருந்தது. அது வந்தது. வீட்டுக்கு முன்னே நின்றது. உள்ளே ஏதோ மாறுபாடு இருப்பதை உணர்ந்து, வீட்டைச் சுற்றிவிட்டுக் காட்டுக்குத் திரும்பிவிட்டது. மறுநாள், மக்கள் விட்டுச் சென்ற வீடுகளுக்குள் ஒவ்வொன்றாகப் புகுந்து உணவுப் பொருள்களைச் சூறையாடியது.

அன்றிரவு உறைபனி மூடிய ஆற்றின் கரையிலே காவல் நின்றவர்களுள் ஒருவர், எதிர்க்கரையில் நின்ற மரக்கட்டைகளை எண்ணிப் பார்த்தார். பகலில் எண்ணியதைவிட ஒன்று கூடுதலாக இருந்தது! அது அசைந்தது. சுட்டனர், நிழல் மறைந்தது. காலையில் அங்கே காலடித் தடமும் இரத்தக் கறையும் காணப்பட்டன.

இங்கேதான் நமது கதையின் நாயகர் வருகிறார். யமமொட்டோ ஹெய்கிச்சி என்பது அவர் பெயர். அயலூராகிய ஒனிஷிகாவைச் சேர்ந்தவர். அப்பொழுது அவருக்கு வயது 57. கரடி வேட்டையிலே காலங் கழித்தவர். தம் வாழ்நாளில் முந்நூறு கரடிகள் வரை கொன்றவர் என்று அவரைப் பற்றிச் சொல்லப்படுகிறது. கையிலிருந்தது உருசியாவிற் செய்த பழைய பெர்டான் வகை றைபிள்.

இந்த றைபிளின் தன்மையை நேயர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நமது கிராமங்களிலே பன்றிக்கும் பறவைக்கும் பயன்படுத்தும் துவக்கின் குழாய் உட்புறம் வழுவழுப்பானது. அதிலிருந்து பல சிறு குண்டுகள் சிதறிப் பாயும். றைபிளின் குழாய்க்குள்ளே திருகுசுருளாகத் தவாளிப்புகள் வெட்டப்பட்டிருக்கும். அவற்றிலே உரசிச் செல்லும் ஒற்றைக் குண்டு பம்பரம்போற் சுழன்றுகொண்டு வெளியேறுவதால், வழி பிசகாது நெடுந்தூரம் நேரே பாய்கிறது. தடித்த தோலையும் தசையையும் எலும்பையும் ஊடுருவுகிறது. பெருங் கரடிக்கு றைபிளே தக்க ஆயுதம். ஆயினும், பெர்டான் றைபிள் ஒரு முறைக்கு ஒரு தோட்டாவை மாத்திரமே கொள்ளும். சுட்ட பின் பூட்டைத் திறந்து, வெறுங் கோதை அகற்றி, புதுத் தோட்டாவைக் கையினால் இட்டு, மீண்டும் பூட்டவேண்டும். அதாவது, பாய்ந்து வரும் கரடிக்கும் வேடனுக்கும் நடுவே நிற்பது அந்தச் சில வினாடிகளே.

14ஆந் திகதி காலை, இரத்தத் தடத்தைப் பின்பற்றிப் படை மலையேறத் தொடங்கியது. யமமொட்டோ அவர்களோடு செல்லவில்லை. தனியே பிரிந்து, வேறு பக்கமாக மலையேறினார். உச்சிக்கு அருகிலே ஒரு கருவாலி மரத்தோடு சாய்ந்து கரடி இளைப்பாறிக்கொண்டிருந்தது. அதன் கண்ணும் காதும் மூக்கும் கீழேயிருந்து ஏறிவரும் படையின் பக்கமே திரும்பியிருந்தன. பலர் எழுப்பிய அந்த ஆரவாரமே, தனியே வந்த ஒருவருக்குத் திரைச்சீலையாயிற்று. ஓசையின்றி நகர்ந்து ஏறத்தாழ 20 மீற்றர் அளவுக்கு நெருங்கிய யமமொட்டோ, ஒரு மரத்தின் பின்னே மறைந்து நின்று குறிபார்த்தார்.

முதல் வெடி. குண்டு இருதயத்துக்கு அருகே ஊடுருவியது. கரடி விழவில்லை. எழுந்து நின்றது, சுட்டவரைத் திரும்பிப் பார்த்தது. இருதயத்தை அடுத்துப் பட்டும் விழாதது எப்படி என்று நீங்கள் வியக்கலாம். இருதயம் பழுதுற்றாலும், மூளையிலும் தசைகளிலும் ஏற்கெனவே சென்று சேர்ந்த இரத்தத்தின் பலத்தினால் பெரு விலங்கொன்று மேலுஞ் சில வினாடிகள் இயங்க வல்லது. அந்தச் சில வினாடிகளில் 20 மீற்றரைப் பாய்ந்து கடப்பது பழுப்புக் கரடிக்கு அரிய காரியமன்று. சாகும் நிலையிலுள்ள கரடியாற் கொல்லப்பட்ட வேடர்களும் உண்டு. யமமொட்டோ ஓடவில்லை; மரத்திலும் ஏறவில்லை. பூட்டைத் திறந்தார், அடுத்த தோட்டாவை இட்டார், சுட்டார். இரண்டாவது குண்டு தலையை ஊடுருவியது. கரடி சாய்ந்தது. அப்பொழுது காலை பத்து மணி.

வீழ்ந்த கரடியை அளந்தனர். நீளம் 2.7 மீற்றர், நிறை 340 கிலோ, அதாவது நமது வழக்கிலே 750 இறாத்தல். சடலத்தை மலையிலிருந்து இறக்கிச் சறுக்குவண்டியிற் கொண்டு சென்றபோது, அதுவரை தெளிவாயிருந்த வானம் மாறிப் பெரும் பனிப்புயல் எழுந்தது. கரடி கொல்லப்பட்டாற் புயல் எழும் என்பது அப்பகுதி வேடரின் பழைய நம்பிக்கை. அன்று வீசிய புயலை அவ்வூர் மக்கள் "கரடிப் புயல்" என்று நெடுங்காலம் நினைவிலே வைத்திருந்தனர்.

இப்பொழுது நமது கேள்விக்கு வருவோம். அறுபது துவக்குகளால் ஆகாதது ஒரு துவக்கினால் ஆனது எவ்வாறு?

யமமொட்டோவின் றைபிள் மற்றவர்களின் துவக்குகளைவிடச் சிறந்தது என்பது விடையாகாது. படையினரிடம் அதைவிடப் புதிய ஆயுதங்கள் இருந்திருக்கவேண்டும். அவர் மற்றவர்களைவிடத் துணிந்தவர் என்பதும் முழு விடையாகாது. கைகளிலே வேலையற்ற துவக்கோடு முதல் நாள் காட்டுக்குட் புகுந்த அந்தக் கமக்காரர்களின் துணிவு குறைந்த துணிவா?

வேறுபாடு மூன்று. முதலாவது, பராமரிப்பு. ஐந்து துவக்குகளில் நான்கு வெடியாமற் போனதும், வாயிலில் நின்றவரின் துவக்கு அடங்கிப் போனதும் விதியின் விளையாட்டல்ல. ஆயுதம் நமது கையில் இருக்கிறது என்பது வேறு. அது வேலை செய்யும் என்பது வேறு. இரண்டாவது, அடக்கம். அடக்கம் என்று நான் சொல்வது ஓசையின் அடக்கத்தை. பெருங் கூட்டம் பெருங் கூட்டமாகவே நடக்கும், பேசும், மணக்கும். நூறு பேரின் வாடை காற்றிலே மிதக்கும் காட்டிற் கரடி எங்ஙனம் ஏமாறும்? மூன்றாவது, எல்லாவற்றிலும் பெரியது, விலங்கின் மனத்தை அறிதல். கரடி எங்கே இளைப்பாறும், எத்திசையை நோக்கும், எதனைக் கேட்டு எதனைக் கேளாதிருக்கும் என்று எண்ணிப் பார்த்தவர் அவர் ஒருவரே. முதற் குண்டு போதாமற் போகலாம் என்பதனையும் அவர் அறிந்திருந்தார். ஆகவேதான் இரண்டாவது தோட்டா தயங்காமற் புறப்பட்டது.

இந்த அறிவு அத்தீவிலே முன்பு இல்லாததா? அயினு மக்களிடம் அது நிறைய இருந்தது. கரடியை அவர்கள் மலைத்தெய்வமாகப் போற்றினர். தெய்வமே கரடித் தோலைப் போர்த்துக்கொண்டு வந்து மனிதருக்கு இறைச்சியும் மயிர்த்தோலும் ஈந்து செல்வதாக நம்பினர். அதே வேளையில், மனிதரைக் கொன்ற கரடியைத் "தீய தெய்வம்" என்று வேறாகப் பிரித்தறிந்தனர். பூண்டின் நஞ்சு பூசிய அம்பினால் அவர்கள் கரடியை வேட்டையாடினர். 1876ஆம் ஆண்டிலே யப்பானிய நிருவாகம் அந்த நச்சம்பைத் தடை செய்தது. புதிதாக வந்தோர் கோடரியோடும் மண்வெட்டியோடும் வந்தனர்; அந்தக் காட்டோடு வாழும் முறையைக் கொண்டுவரவில்லை. முகப்பிலே சோளத்தைத் தொங்கவிட்டபோது கரடிக்கு விருந்து வைக்கிறோம் என்பதை அவர்கள் அறியார்கள். அறியாமை அவர்களின் குற்றமன்று; அறிந்தோரைக் கேட்கும் வழி அவர்களுக்கு அமைக்கப்படவில்லை.

வேட்டை வெற்றி பெற்றது. குடியேற்றம் வெற்றி பெற்றதா? இல்லை. அச்சந் தீராத குடும்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அந்த ஓடைக்கரையை விட்டு வெளியேறின. வெட்டித் திருத்திய நிலத்தைக் காடு மீண்டும் எடுத்துக்கொண்டது. கரடி இறந்தது, நிலம் கரடியின் பக்கமே சென்றது.

இக்கதைக்கு ஒரு பிற்சேர்க்கை உண்டு. அவ்வூர்த் தலைவரின் மகன் ஓக்காவா ஹருயோஷி, இச்சம்பவம் நிகழ்ந்தபோது சின்னஞ்சிறு பிள்ளை. இறந்த ஒவ்வோர் உயிருக்கும் பத்துக் கரடி என்று கணக்கிட்டு, எழுபது கரடிகளைக் கொல்வதாக அவர் சபதம் பூண்டு வேடரானார். எழுபதைக் கடந்தார், நூற்றைக் கடந்தார், 102ஆவது கரடியோடு துவக்கைக் கீழே வைத்தார். அதன்பின் அவர் செய்தது என்ன தெரியுமா? 1977ஆம் ஆண்டிலே, இறந்தோரின் நினைவாக ஊர்க் கோயிலடியில் ஒரு நினைவுக்கல்லை நிறுவினார். எண்ணிக்கை எதுவாயினும் கணக்குத் தீர்ந்தபாடில்லை என்பதை அவர் உணர்ந்தார் போலும். 1985ஆம் ஆண்டு டிசெம்பர் 9ஆந் திகதி, முதல் தாக்குதல் நிகழ்ந்து சரியாக எழுபது ஆண்டுகள் சென்ற அந்த நாளில், ஊர்ப் பாடசாலையிலே அதனைப் பற்றிப் பேச மேடையேறியவர், பேச்சைத் தொடங்கியவுடன் சாய்ந்து, அன்றே காலமானார்.

இச்செய்திகள் இன்று நமக்குக் கிடைப்பதற்குக் காரணமானவர் கிமுரா மொரித்தாகே என்னும் வன அதிகாரி. 1960களிலே, உயிர் தப்பியவர்களை ஒவ்வொருவராகத் தேடிச் சென்று விசாரித்து அவர் எழுதி வைத்திராவிடில், இது வெறும் பாட்டிக் கதையாகிப் போயிருக்கும்.

பழங்கதைதானே என்று இதனை ஒதுக்கிவிட இயலாது. ஹொக்கைடோவிலே இளவேனிற் காலத்திற் கரடிகளை அழித்துவந்த திட்டம், அவற்றின் இனம் அருகுவதைக் கண்டு 1990ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அதன் பின் கரடிகள் பெருகின. அதே காலத்தில் யப்பானிய மலைக்கிராமங்களில் இளைஞர் குறைந்தனர், வேடர்கள் முதுமையடைந்தனர். 2023ஆம் நிதியாண்டில் மட்டும் அந்நாட்டிலே இருநூறுக்கு மேற்பட்டோர் கரடிகளால் தாக்கப்பட்டனர். 2025ஆம் ஆண்டிலே அகித்தா மாகாணத்தில், கரடிப் பொறிகளைக் கொண்டு சென்று வைக்கும் வேலைக்குத் துணையாகத் தற்காப்புப் படையினரே அனுப்பப்பட்டனர். இயந்திரங்களுக்குக் குறைவில்லாத நாட்டிலே, குறைந்து போனது யமமொட்டோ போன்றோரின் அனுபவ அறிவு.

நேயர்களே, நம் நாட்டுக் கரடி சட்டத்தின் பாதுகாப்புப் பெற்ற பிராணி; அதனைச் சுடுவது குற்றம். ஆகவே இந்தக் கதையைக் கேட்டு எவரும் துவக்கைத் துடைக்க வேண்டியதில்லை. ஆனால், காட்டை அடுத்து வாழ்வோருக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது ஒன்றுண்டு. விலங்கை அறிந்தவர் அதனைத் தேடிச் சுடவேண்டிய அவசியம் மிகக் குறைவு. பாலைப்பழக் காலத்திலே எந்த வழியாற் போகலாகாது, நடக்கும்போது எங்கே குரல் கொடுக்கவேண்டும் என்பவற்றை நமது காட்டோரக் கிராமத்துப் பெரியவர்கள் நன்கு அறிவார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வோம். அந்தப் பனிமலையிலே இரண்டு தோட்டாக்கள் செய்த வேலையை, சங்கெபெட்சுவில் உரிய காலத்திற் கிடைத்த ஒரு சொல் செய்திருக்கக்கூடும். ஏழு உயிர்களும் மிஞ்சியிருக்கும்.